நிலைக்கால்ல வளர்ந்த ஷெர்லின்

தீம் பார்க்குக்குப் போன கதைன்னு நான் வாயத் தொறந்ததும், இங்கன உக்காந்திருக்குற ஒவ்வொருத்தர் கன்னத்துலயும் ஒரு சிரிப்பு வந்து ஒதுங்கி நிக்குது பாருங்க, எனக்குத் தெரியுதுல்லா. ராட்டினத்துல ஏறுன மாமனாரு வேட்டிய மேலயே விட்டுட்டு எறங்குனாரு, தண்ணிச் சறுக்கல்ல அத்தையோட கொண்டை அத்தைக்கு முன்னாடி கீழ வந்து சேந்துச்சு, பொடிப்பய வேன்ல டிரைவர் முதுகுலயே வாந்தி எடுத்தான், இதத்தான கேக்க வந்தீய. அதெல்லாம் நான் சொல்லாததா, வாந்தி எடுக்குற சத்தமே எனக்கு மூணு தினுசுல வரும். ஆனா இன்னிக்கு அந்தச் சிரிப்ப அப்படியே கன்னத்துல அடக்கி வச்சுக்கிடுங்க; நடுவுல ஒண்ணு ரெண்டு எடுத்துச் செலவழிக்கலாம், மிச்சத்த வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு போகத்தான் வேண்டியிருக்கும்.

எங்க காம்பவுண்டு தூத்துக்குடில, மீன்பிடித் துறைமுகத்துக்குப் போற ரோட்டுலருந்து உள்ள திரும்புனா, நடுவுல அடிபம்பும் ரெண்டு பக்கமும் வரிசையா வீடும். அடிபம்புக்கு நேரா இருக்குற வீட்டுல சகாயராஜ், ஐஸ் கம்பெனில வேல, எந்நேரமும் வெரல் நுனி வெளுத்துப்போய் இருக்கும். அவன் பொண்டாட்டி ஜெனோவா, நண்டு கம்பெனில ஓடு உடைக்கப் போறவ. மூத்தது ஷெர்லின், ஏழு வயசு, வாய் மட்டும் எழுபது. எளையது டெரிக், நாலு வயசு, அக்கா எங்கயோ அங்க அவன், அக்கா பாவாடை நுனி எப்பவும் அவன் கைக்குள்ள.

எங்க காம்பவுண்டுல ஒரு பழக்கம் உண்டு. புது வருசப் பூசை முடிஞ்சு வந்ததும், கேக்குல கத்தி வைக்கதுக்கு முன்ன, அவுங்கவுங்க வீட்டு நிலைக்கால்ல பிள்ளைய நிறுத்தி, தல மேல அடிஸ்கேலப் படுக்க வச்சு, பென்சில்ல கோடு போடணும். சகாயராஜ் வீட்டு நிலைக்கால்ல உள்பக்கம் அக்காளுக்கு, வெளிப்பக்கம் தம்பிக்கு. ஒரே மரம், ரெண்டு பக்கம் ரெண்டு பிள்ளைய.

அந்த வருசம் ஐஸ் கம்பெனிக்காரங்கள ஒரு நாள் டூர் கூட்டிட்டுப் போனாவ, மலையடிவாரத்துல புதுசாத் தொறந்திருந்த பெரிய தீம் பார்க்குக்கு. சகாயராஜ் திரும்பி வரும்போது நாலா மடிச்ச ஒரு நோட்டீஸ் கொண்டாந்தான், அதுல ராட்டினம், அலையடிக்குற தொட்டி, கப்பும் சாசரும் சுத்துறது, எல்லாத்துக்கும் மேல தலைகீழா ஒரு சுத்துச் சுத்தி வாரது ஒண்ணு. அதுக்கு ஷெர்லின் வச்ச பேரு கிறுக்கு ரயிலு. அன்னையிலருந்து ஞாயித்துக்கிழமை மத்தியானம் மீன்குழம்புச் சோறு தின்னு கை கழுவுனதும் அந்த வீட்டுல நோட்டீஸ் விரியும், காம்பவுண்டே வாசல்ல கூடும், எத முதல்ல ஏறணும், யாரு யாரு பக்கத்துல உக்காரணும், புளிச்சோறு கொண்டு போனா கேட்டுல பிடுங்குவாவளா, பிடுங்குனா அவுங்க தின்பாவளா, இப்படி ஒரு ஊரையே கட்டி எழுப்புற மாதிரி பேசுவாவ.

"கேட்டுல ஒரு மர ஜோக்கரு நிக்கான், கைய இப்படி நீட்டிக்கிட்டு"ன்னான் சகாயராஜ். "தல அவன் கைய எட்டுனாத்தான் கிறுக்கு ரயில்ல விடுவாவ. எனக்கு அவன் கை இந்தா, சட்டையில ரெண்டாம் பட்டன் கிட்ட வந்துச்சு."

உடனே ஷெர்லின் அப்பன நிலைக்கால்ல சாத்தி நிறுத்தி, ரெண்டாம் பட்டனுக்கு நேரா அம்மாவோட செவப்பு நகப்பாலிஷால ஒரு கோடு இழுத்தா. அவ தலைக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவுல ஒரு சாண் எடம் கெடந்துச்சு.

"எப்பா, எட்டாமப் போனா?"

"நீயும் தம்பியும் கப்புலயும் சாசர்லயும் சுத்துங்க."

"கப்புலயும் சாசர்லயும் சுத்துறதுக்கா அம்புட்டு தூரம். நான் எட்டுனப்புறம் போவோம்ப்பா. நீங்களும் நானும் முன் சீட்டு, தம்பியும் அம்மாவும் கீழ நின்னு டாட்டா காட்டட்டும்."

பெரிய மனுசி தீர்ப்பு சொல்லிட்டா, அப்பனும் அம்மையும் தலையாட்டிட்டாவ. ரெண்டு பேரையும் சேத்து, ஒரே நாள்ல, எல்லாத்துலயும் ஏத்திக் கூட்டிட்டு வாரோம்னு ஜெனோவா மாதா படத்துக்கு முன்னாடி சத்தியம் பண்ணிக் குடுத்தா.

மழைக்காலம் வந்துச்சு, காய்ச்சல் வந்துச்சு, அடிபம்படில வெளையாடிக்கிட்டிருந்த மூத்த பிள்ளை பாயில படுத்துச்சு, பாயிலருந்து ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துச்சு, அந்த வாரம் முடியதுக்குள்ள வெள்ளைக் கவுனும் தலையில பூமுடியுமா எங்க தோள்ல ஏறி கல்லறைத் தோட்டத்துக்குப் போச்சு. இதுக்கு மேல இந்த எடத்துல நான் எந்தக் குரலையும் எடுக்க மாட்டேன்.

முப்பதாம் நாள் பூசை முடிஞ்ச மறுநாள் வாசல் தூத்துக்கிட்டிருந்த ஜெனோவா நிலைக்கால்கிட்ட அப்படியே குத்தவச்சா. ஷெர்லினோட பென்சில் கோடு ஒரு நகக்கண் அளவுக்கு மேல ஏறியிருந்துச்சு. பழைய எடத்துல அழிச்ச தடம் கூட இல்ல. அவ விளக்கமாத்தைச் சாத்தி வச்சுட்டு உள்ள போயி, தேங்காண்ணெய் எடுத்துட்டு வந்து, அந்தக் கோட்டுக்குக் கீழ மரத்துல உச்சியில தேய்க்கிற மாதிரித் தேச்சு விட்டா. சனிக்கிழமை, எண்ண தேச்சுக் குளிக்கிற நாளு.

காம்பவுண்டு அத எடுத்துக்கிட்ட விதத்தத்தான் சொல்லணும். மொத வாரம் எல்லாரும் வந்து பாத்தாவ, ரெண்டாவது வாரம் யாருக்கும் அது அதிசயமா இல்ல, மூணாவது வாரம் அடிபம்படில தண்ணி அடிக்கும்போதே, "ஏட்டி ஜெனோவா, மூத்தவ எம்புட்டு இருக்கா"ன்னு கேக்க ஆரம்பிச்சாச்சு, அவளும், "நல்லா இழுத்துட்டாக்கா, கவுனெல்லாம் பத்தல"ன்னு கொடத்த இடுப்புல ஏத்திக்கிட்டே சொல்லிட்டுப் போவா. தையக்கார செசிலி அக்கா, பல்லுக்கு எடையில எப்பவும் குண்டூசிய கடிச்சுக்கிட்டே பேசுறவ, கிறிஸ்மஸுக்கு டேப்ப எடுத்துட்டு வந்து மரத்த அளந்து, "ஒழரம் ழெண்டு இஞ்சு கூட்டித் தைக்கேன், வழருற பிள்ள"ன்னுட்டுப் போனா. பங்குச் சாமியார் வந்து பாத்தாரு, கண்ணாடியக் கழட்டிப் பாத்தாரு, மாட்டிப் பாத்தாரு, "மெழுகுதிரி மட்டும் ஏத்தாதிய, மரம் கரியாயிரும்"னாரு, அவ்வளவுதான். ஹவுஸ் ஓனர் ஞானப்பிரகாசம் சார் துறைமுக ஆபீஸ்ல ரிட்டயர் ஆனவரு, எதச் சொன்னாலும் தொண்டையச் செருமி ஆர்டர் போடுற மாதிரியே சொல்லுவாரு: "க்ஹூம். வாடகைக்கு வந்தது நாலு பேர். நாலு பேராவே கணக்கு இருக்கட்டும். க்ஹூம். அந்த நிலைக்கு யாரும் பெயிண்ட் அடிக்கக்கூடாது." குட்டையாப் போயிட்ட பிள்ளைகளக் கொண்டாந்து அந்த மரத்துல முதுக ஒரசிட்டுப் போனவளும் உண்டு. ஜெனோவா ஒருத்தரையும் தடுக்கல, ஒரசுன பிள்ளைக்கு ஒரு முறுக்கும் குடுத்து அனுப்புவா.

சகாயராஜ் வேலைக்குக் கெளம்பும்போது அந்தக் கோட்டு மேல உள்ளங்கைய வச்சுட்டுத்தான் படி எறங்குவான், பிள்ளை தலையில வைக்க மாதிரி. மொதல்ல கைய நல்லாக் கீழ எறக்கித்தான் வைப்பான். வர வர அந்தக் கை மேல ஏறுச்சு, முழங்கை மடங்குச்சு, எங்களுக்கெல்லாம் அவன் கையப் பாத்தாலே பிள்ளை எம்புட்டு வளந்துருக்கான்னு தெரிஞ்சுரும்.

ஞாயித்துக்கிழமை நோட்டீசும் மறுபடி விரிஞ்சுச்சு. மடிப்பெல்லாம் கிழிஞ்சு பின்னால சோத்துப்பருக்கை வச்சு ஒட்டுன நோட்டீசு. புளிச்சோறு எம்புட்டு, யாருக்கு மாத்துத்துணி, ஷெர்லினுக்கு ரெண்டு செட்டு எடுக்கணும், தண்ணிக்குள்ள எறங்குனா ஏற மாட்டா. டெரிக் நோட்டீஸ் மேல குப்புறப் படுத்துக்கிட்டு, "அக்காவும் அப்பாவும் முன் சீட்டு, நான் கீழ நின்னு டாட்டா"ன்னு வெரல வச்சு வச்சு காட்டுவான். அக்கா சொல்லிட்டுப் போன வரிசையில ஒரு எடம் மாத்தச் சம்மதிக்க மாட்டான்.

டெரிக்கப் பத்திச் சொல்லணும். அவன் சாப்பாட்டுல கொறையே இல்ல. மீன் முள்ள எடுத்து எடுத்து ஊட்டுனா தட்டு தட்டாத் தின்பான், சத்துமாவுக் கஞ்சி ரெண்டு தம்ளர் குடிப்பான். அவன் நல்லாத் தின்ன வாரமெல்லாம் நிலைக்கால்ல கோடு நல்லா ஏறும். அவன் சளியில காய்ச்சல்ல படுத்தா கோடும் அசையாம நிக்கும். "தம்பிக்கு முடியலன்னா அக்காளுக்கு எப்படிச் சோறு எறங்கும், கூடப்பொறந்த பாசம்லா"ன்னு செசிலி அக்கா குண்டூசிய எடுத்துட்டு, தெளிவாவே சொன்னா, எல்லாரும் கண்ணத் தொடச்சுக்கிட்டோம். புது வருசத்துக்குப் புது வருசம் அவனையும் வெளிப்பக்கம் நிறுத்தி, தல மேல ஸ்கேல வச்சுக் கோடு போட்டாவ. கோட்டு மேலயே கோடு விழுந்துச்சு, அடுத்த வருசமும் விழுந்துச்சு, பென்சில் தடம் புழு மொத்தத்துக்குக் கருத்துப்போச்சு. "அவன் தாத்தா குட்டை"ன்னு ஒருத்தி சொன்னா. "வாங்குன யூனிபாரமே பத்துது, உனக்கு மிச்சம்"னு இன்னொருத்தி சொன்னா. பள்ளிக்கூடத்துல அவன் ஒண்ணாங் கிளாஸ் போனான், ரெண்டாங் கிளாஸ் போனான், முன் பெஞ்சுல உக்காந்தா காலு தரையத் தொடாம ஆடிக்கிட்டிருக்கும், டீச்சர் அவன் காலுக்குக் கீழ ரெண்டு செங்கல் போட்டுக் குடுத்தாவ. நல்ல டீச்சர்.

ஒரு ஞாயித்துக்கிழமை சகாயராஜ் நோட்டீச விரிக்காம கையிலயே வச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். நான் வாசப்படியில, கையில டீ.

"ஜெனோவா, இந்த லீவுக்குப் போயிட்டு வந்துருவோமா. டெரிக் மட்டும்னாலும். பய எத்தன நாளா..."

"அவன் மட்டும்னா?"

"இல்ல, கோடு எட்டுறதுக்கு இன்னும் நாளாகும் போல இருக்கு."

"ரெண்டு பேரையும் சேத்துக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிருக்கேன். ஒருத்தன மட்டும் கூட்டிட்டுப் போயிட்டு வந்து அவ மொகத்துல எப்படி முழிக்க, நீங்களே சொல்லுங்க."

"அவ எங்கட்டி..."ன்னு ஆரம்பிச்சவன் நிலைக்காலப் பாத்துட்டு நிறுத்திக்கிட்டான்.

"எம்மா, நான் இருக்கேம்மா"ன்னான் டெரிக். "அக்கா எட்டட்டும். எனக்கு அவசரமில்ல." சொல்லிட்டு கஞ்சித் தம்ளர ரெண்டு கையாலயும் தூக்கி ஒரே மூச்சுல குடிச்சு வச்சான். ஜெனோவா அவன இழுத்து மடியில வச்சுக்கிட்டா. மடியில அவன் சரியா அடங்குனான், நாலு வயசுல அடங்குன மாதிரியே.

இப்படியே போயி, போன கோடை லீவுல ஒரு காலைல, பென்சில் கோடு நகப்பாலிஷ் கோட்டுல போயி முட்டிக்கிட்டு நின்னுச்சு. அன்னிக்கு எங்க காம்பவுண்டுல அடுப்பு பத்தவே லேட்டாச்சு. எல்லாரும் அந்த வாசல்ல. ஜெனோவா அரிசி களையப் போனவ களைஞ்ச கையோட வந்து நின்னா, கை நுனியிலருந்து வெள்ளைத் தண்ணி சொட்டிக்கிட்டிருக்கு, "எட்டிட்டாங்க"ன்னா புருசன்கிட்ட, "எட்டிட்டா, நாளைக்கே போயிருவோம்"னா.

மரத்தக் கழட்டித்தான் ஆகணும். வேற எப்படிக் கூட்டிட்டுப் போக. நானும் சகாயராஜும் ஆசாரிய வச்சு, செவுத்துக்கு முட்டுக் குடுத்து, அந்த ஒத்தைக் கால மட்டும் பைய உருவி எடுத்தோம். ஞானப்பிரகாசம் சார் பக்கத்துலயே நின்னாரு. "க்ஹூம். கீறல் விழாம எடுங்க. வயசுக்கு வரப்போற பிள்ள." செசிலி அக்கா புதுசாத் தச்ச மஞ்சக் கவுன மரத்துல மாட்டி விட்டா, தோளுக்குச் சரியா இருந்துச்சு. வாசலுக்குப் போர்வையத் தொங்கவிட்டுட்டு, வேன் பேசி, காம்பவுண்டுல பாதி ஏறியாச்சு. மரத்த மேல கட்டலாம்னு டிரைவர் இசக்கி சொன்னான். ஜெனோவா அவன ஒரு பார்வை பாத்தா. அவன், "தெரியாமச் சொல்லிட்டேன் மைனி"ன்னுட்டு சன்னல் சீட்ட ஒதுக்கிக் குடுத்தான். வேன் மலைய நோக்கிப் போக, வழி பூரா ஜெனோவா மரத்துக்கு வெளிய காட்டிக்கிட்டே வந்தா, இது கரண்டுக் காத்தாடி, அது வாழைத்தோப்பு, அந்தா மயிலு. டெரிக் மரத்துக்கு அந்தப் பக்கம் ஒட்டிக்கிட்டு, கவுன் நுனியக் கைக்குள்ள சுருட்டி வச்சிருந்தான். அவன்தான் வாந்தி எடுப்பான்னு புளிப்பு மிட்டாயெல்லாம் கொண்டு போயிருந்தோம், எடுக்கல. கேட்டியளா, நீங்க கேக்க வந்த வாந்தி அந்த வேன்ல யாருமே எடுக்கல.

கேட்டுல பெரிய வரிசை. ஊர் ஊரா வந்த சனம், ஒவ்வொருத்தரும் பிள்ளைக்கு வயசக் கொறைச்சுச் சொல்லிக்கிட்டிருக்காவ, மீச மொளைச்சவனெல்லாம் அஞ்சாங் கிளாஸ். சகாயராஜ் சொன்ன மாதிரியே மர ஜோக்கரு, பல்லு பூரா தெரியச் சிரிச்சுக்கிட்டு, கைய நீட்டிக்கிட்டு நிக்கான். பக்கத்துல மஞ்ச டீ-சர்ட் போட்ட ஒரு பொண்ணு.

"அண்ணா, மரச்சாமான் உள்ள அலவ் இல்ல."

"சாமான் இல்லம்மா. எம் மக."

அந்தப் பொண்ணு மரத்தப் பாத்துச்சு, கவுனப் பாத்துச்சு, கோட்டப் பாத்துச்சு, இடுப்புல இருந்த வயர்லெஸ்ஸ எடுத்துத் திரும்பி நின்னு பேசிட்டு வந்துச்சு. "ஹைட் இருந்தா ஓகேயாம். ஆனா பெல்ட் போட்டே ஆகணும். தண்ணி ரைடுக்கு மட்டும் வேண்டாம், மரம் ஊறிரும்." அப்புறம் டெரிக்கக் குனிஞ்சு பாத்துட்டு, "பாப்பாக்கு என்ன வயசு?"

"ஏழு"ன்னான் சகாயராஜ்.

பொண்ணுக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துருச்சு. "எல்லாரும் பத்து வயச நாலுன்னு சொல்லுவாங்க, நீங்க நாலு வயச ஏழுன்னு சொல்றீங்களேண்ணா." வரிசையே சிரிச்சுச்சு. நாங்களும் சிரிச்சோம். உங்க கன்னத்துல மிச்சம் இருந்தா இப்பச் செலவழிச்சுக்கிடுங்க, இதுக்கு மேல தேவைப்படாது.

மரத்தக் கொண்டு போயி ஜோக்கர ஒட்டி நிறுத்துனோம். கோடு எட்டல.

ஒரு வெரக்கடை. ஒரே ஒரு வெரக்கடை கம்மி. சகாயராஜ் அன்னிக்கு டூர் போனப்ப கம்பெனி பூட்ஸ் போட்டுட்டுப் போயிருக்கான், வீட்டுல வெறுங்காலோட நின்னு பட்டன அளந்துருக்கான். அவன் மொகம் ஐஸ்ல வச்ச மீனு மாதிரி ஆயிப்போச்சு. "சாரிண்ணா"ன்னுச்சு அந்தப் பொண்ணு, நெசமாவே வருத்தப்பட்டு. "அடுத்த வருசம் கூட்டிட்டு வாங்க."

ஜெனோவா மரத்தக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. "எம் மக்கா, கொஞ்சம் நிமிந்து நில்லும்மா, கொஞ்சூண்டு, அம்மாக்காகம்மா"ன்னு கவுனோட தோள நீவிவிட்டா. செசிலி அக்கா செபமாலைய உருட்டுறா. ஞானப்பிரகாசம் சார் செருமவே இல்ல. அப்ப டெரிக், ஜோக்கரோட இடுப்பு உயரமே இருந்த பய, அம்மைக்கும் ஜோக்கருக்கும் நடுவுல புகுந்து மரத்தோட அடியப் புடிச்சு, வெளிப்பக்கம், தன்னோட கருத்த கோட்டுல நெத்திய முட்டிக் கொடுத்து, கண்ண இறுக்க மூடிக்கிட்டான். "ஏறுக்கா"ன்னான். அவ்வளவுதான் சொன்னான்.

கோடு ஏறுச்சு. நாங்க அத்தன பேரும் பாத்துக்கிட்டிருக்கும்போதே, எறும்பு ஏறுற மாதிரி, நின்னு நின்னு, ஏறி, ஜோக்கரோட கையில போயித் தொட்டுச்சு. நாங்க கைதட்டுனோம் பாருங்க, வேன்ல வந்த அத்தன பேரும், வரிசையில நின்ன தெரியாத சனமும், மஞ்ச டீ-சர்ட் பொண்ணு உள்பட, கையி செவக்கச் செவக்கத் தட்டுனோம். ஜெனோவா மரத்துக்கு முத்தம் குடுத்து முத்தம் குடுத்து அழுறா, சகாயராஜ் கோட்டுல கைய வச்சா அது அவன் நெஞ்சுக்கு வந்துருச்சு, "முன் சீட்டும்மா, முன் சீட்டு"ங்கான்.

டெரிக் எங்க எல்லாரையும் அண்ணாந்து பாத்துச் சிரிச்சுக்கிட்டு, அவனும் தட்டிக்கிட்டிருந்தான். சட்டக்கை வெரலத் தாண்டித் தொங்குச்சு, அதனால தட்டுற சத்தம் கேக்கல. ஒரு கையால டவுசரப் புடிக்கப் போனான், அது அதுக்குள்ள கால்ல எறங்கிக் கெடந்துச்சு. செருப்பு ரெண்டும் அவன் பாதத்துக்கு ஓடம் மாதிரி இருந்துச்சு. நாங்க தட்டிக்கிட்டே இருந்தோம்.

எங்களுக்குப் பின்னால மதுரைப் பக்கத்துப் பொம்பள ஒருத்தி நின்னுக்கிட்டிருந்தா, ஒரு கையில பாப்கார்ன், இன்னொரு கையில அவ மகன், அவனுக்கும் ஏழு வயசு இருக்கும், அவ இடுப்புக்கு மேல நின்னான். அவ மட்டும் கைதட்டல. மரத்தப் பாத்தா, டெரிக்கப் பாத்தா, மறுபடி மரத்தப் பாத்தா. வாயில போட்ட பாப்கார்ன மெல்லாம அப்படியே வச்சுக்கிட்டு, ஜெனோவா தோளத் தொட்டுத் திருப்பி, எல்லாருக்கும் கேக்கச் சொன்னா:

"ஏக்கா, அந்தப் புள்ள ஒண்ணும் வளரலக்கா. உங்க பய குறைஞ்சுக்கிட்டு வாரான்."